பேட் ஒலிக்குப் பழைய ரேக் சிந்தசைசர்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கு ‘பேட்’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: பாட்டுக்கு அடியில் மெதுவாக எழும்பி, கட்டையிலிருந்து விரலை எடுக்கும்வரை நின்று, எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தேய்ந்து அடங்குகிற நீளமான ஒலி. வயலின் கூட்டம் மாதிரி இருக்கலாம், குரல் கூட்டம் மாதிரி இருக்கலாம், எந்த வாத்தியத்தின் சாயலும் இல்லாமலும் இருக்கலாம். நான் பாளையங்கோட்டைப் பக்கம் சபைப் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். ஆடி, ஆவணி, பங்குனி என்று கொடை விழாக்கள் வந்தால் சாமி பாட்டுப் பதிவுகளுக்கும் வாசிக்கிறேன். என் வாசிப்பில் பெரும்பகுதி இந்தப் பேட் பிடிக்கிற வேலைதான். அதனால் இதில் எனக்கு அக்கறை அதிகம்.

இன்றைக்குக் கடையில் வாங்கும் சாதாரணக் கீபோர்டிலேயே பேட் நிறைய இருக்கிறது. அப்புறம் எதற்கு முப்பது வருஷத்துப் பழைய பெட்டி? ஒரே காரணம்தான் சொல்வேன். இப்போதைய பேட்கள் கடையில் ஒரு கட்டையைத் தொட்டதுமே ஆளை மயக்க வேண்டும் என்று செய்யப்பட்டவை. மேலே பளபளப்பு, கீழே கனம், இரண்டு பக்கமும் அகலம். தனியாகக் கேட்டால் அருமை. அதற்கு மேல் ஒரு குரல் பாட ஆரம்பித்தால் குரலுக்கு இடமே இருக்காது. 1980களின் கடைசியிலும் 90களிலும் வந்த டிஜிட்டல் ரேக் மாட்யூல்களில் (கட்டை இல்லாத கீபோர்டுப் பெட்டிகளில்) நினைவகம் கொஞ்சம், அலைவடிவங்கள் குட்டி, மேல் அதிர்வெண்கள் மங்கல். அந்த மங்கல்தான் பாடுகிறவருக்கு வழிவிடுகிறது.

வீட்டில் கணினியில் மட்டும் வேலை செய்கிறவர்கள் பெட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தக் காலத்துச் சிந்தசைசர்களில் டி-50, ஜேவி-1080 இரண்டையும் ரோலண்ட் கம்பெனியே மென்பொருளாகத் தருகிறது, எம்1, வேவ்ஸ்டேஷன் இரண்டையும் கோர்க் கம்பெனி தருகிறது. ஒலி நன்றாகவே இருக்கிறது. எனக்குப் பெட்டி தேவைப்படுவது மேடைக்காக. ஆடிக் காற்றில் செம்மண் பறக்கிற கோயில் திடலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை. ரேக் பெட்டி ஸ்விட்சைப் போட்டதும் தயாராகிவிடும், இடையில் எதையும் அப்டேட் செய்யச் சொல்லிக் கேட்காது.

ரேக் மாட்யூல் என்பது கட்டைகள் இல்லாத கீபோர்டு. முகப்பு 19 அங்குல அகலம். உயரத்தை ‘யூ’ கணக்கில் சொல்வார்கள், 1யூ என்றால் 1.75 அங்குலம். பின்னால் மிடி (எந்தக் கட்டையை அழுத்தினோம் என்பதை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குச் சொல்லும் இணைப்பு முறை) கேபிளைச் செருகினால் எந்தக் கீபோர்டிலிருந்தும் வாசிக்கலாம். மிடி வந்தது 1983ல். அதே ஐந்து முள் சாக்கெட் இன்றும் ஓடுவதால், 1987ல் செய்த பெட்டியும் போன மாதம் வாங்கிய கீபோர்டும் தகராறு இல்லாமல் பேசிக்கொள்ளும். உங்கள் புதுக் கீபோர்டில் யுஎஸ்பி மட்டும் இருந்து ஐந்து முள் சாக்கெட் இல்லையென்றால் நடுவில் ஒரு மிடி ஹோஸ்ட் பெட்டி வேண்டும். வாங்குவதற்கு முன்னால் கீபோர்டின் முதுகை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அதே காலத்து அனலாக் பெட்டிகளின் பேட் ஒலி இன்னும் இதமானது என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பழைய அனலாக் ஆசிலேட்டர்களின் சுருதி வெப்பத்தோடு நகரும். மே மாதத்துத் திருநெல்வேலியில், தகரக் கொட்டகைக்குக் கீழே, நாதஸ்வரம் பக்கத்தில் இருக்கும்போது அது சரிப்பட்டு வராது. டிஜிட்டல் பெட்டியின் சுருதி படிக அலைவியிலிருந்து வருவது, அது அசையாது. நான் டிஜிட்டலோடு நின்றது இதனால்தான்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? மெல்லிசைக் குழுக்களில் பல வருஷம் வாசித்த ஓர் அண்ணாச்சி எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது. அவர் வீட்டில் ரேக்கை அடுக்கி வைத்திருந்தார். நான் போய் உட்கார்ந்து பேட்சுகளை (பெட்டியில் சேமித்திருக்கும் ஒலிகளை) ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், “தம்பி, சவுண்ட மாத்திட்டே இருக்காதப்பா. ஒண்ண எடு. ச, ப, மேல் ச வை. வச்சிட்டுக் கைய எடுக்காம அப்படியே இரு. ஒரு நிமிஷம் கழிச்சும் கேக்க நல்லாருக்கான்னு சொல்லு” என்றார்.

அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிடும். முதல் சில வினாடிகளில் மயக்குகிற ஒலி பத்தாவது வினாடியில் உயிரில்லாமல் நின்றுவிடும். உள்ளே இருக்கும் சாம்பிள், அதாவது பதிவு செய்து வைத்த ஒலி, ஒரு சின்னத் துண்டு. அது திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, அந்தச் சுற்று காதில் விழ ஆரம்பித்ததும் தலைவலிதான். வேறு சில ஒலிகள் நிற்காமல் அசையும், ஆனால் அசைவது சுருதியே. இரண்டு அலைகளை ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலக்கி வைத்து, அதன் மேல் கோரஸ் என்ற, ஒலியைத் தடிமனாக்கும் எஃபெக்டும் போட்டிருப்பார்கள். மேற்கத்திய பாட்டுக்கு அது அழகு. நம் பாட்டில், பாடுகிறவர் காந்தாரத்தை அசைத்துப் பிடிக்கும்போது கீழே இருக்கும் ஒலியும் தன் பாட்டுக்கு அசைந்தால், எது சுருதி என்பதே குழம்பிப் போகும். நமக்கு வேண்டியது நிறம் மாறிக்கொண்டே இருந்து சுருதி மட்டும் நகராமல் நிற்கிற பேட். நான் பெட்டிகளைப் பார்ப்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

இந்தச் சோதனையை எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். ரிவெர்ப் (பெரிய மண்டபத்தில் கேட்கிற மாதிரியான எதிரொலி) எதையும் நல்லதாகக் காட்டிவிடும். அப்புறம் ஒரே ஒரு ஸ்பீக்கரில் மோனோவாகக் கேட்க வேண்டும். கொடை விழா சவுண்ட் செட் பெரும்பாலும் மோனோதான், நீங்கள் ஸ்டீரியோ கொடுத்தாலும் மிக்சரில் சேர்த்து ஒன்றாக்கிவிடுவார்கள். ஹெட்போனில் அகலமாகக் கேட்ட பேட், இடமும் வலமும் சேர்ந்ததும் நடுவில் குழி விழுந்து மெலிந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்டீரியோ கோரஸ் ஒரு பக்கத்தில் ஏற்றுவதை மறுபக்கத்தில் இறக்குகிறது. இரண்டையும் சேர்த்தால் பாதி அடிபட்டுவிடும்.

இனி பெட்டிகள்.

ரோலண்ட் டி-550. 1987ல் வந்த டி-50 கீபோர்டின் ரேக் வடிவம், 2யூ. அன்றைக்கு மெமரி சிப் விலை அதிகம், நீளமான சாம்பிள்களை உள்ளே வைக்க முடியாது. ஒரு வாத்தியத்தை நம் காது அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் முதல் துளியில்தான். அதனால் ஒலியின் தொடக்கத்துக்கு மட்டும் நிஜ சாம்பிள் துண்டை வைத்து, பின்னால் வருகிற நீளமான பகுதியைச் சிந்தசைசரே உண்டாக்கும்படி செய்தார்கள். ஒரு பேட்சில் அப்பர், லோயர் என்று இரண்டு டோன். ஒவ்வொரு டோனிலும் இரண்டு பார்ஷியல். ஒவ்வொரு பார்ஷியலும் சாம்பிள் துண்டாகவோ ஃபில்டரோடு (அதிர்வெண்களைக் குறைக்கும் வடிகட்டியோடு) கூடிய சிந்த் அலையாகவோ இருக்கலாம். ரிவெர்பும் கோரஸும் உள்ளேயே இருக்கின்றன.

பேட் என்று வந்தால் இதன் சிந்த் பார்ஷியல்தான் தங்கம். பல்ஸ் அலையின் அகலத்தை மெதுவாக அசைய விட்டால் சுருதி நின்ற இடத்தில் நிற்கும், நிறம் மட்டும் மூச்சு விடும். நான் மேலே கேட்டது அப்படியே கிடைக்கிறது.

இதன் ஃபேன்டேசியா பேட்ச் உலகப் பிரசித்தம். முன்னால் மணி மாதிரி ஒரு தெறிப்பு, பின்னால் விரியும் பேட். அதை ஒரு வில்லுப்பாட்டுப் பதிவில் போட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். வில்லில் வரிசையாக மணிகள் கட்டியிருக்கும். புலவர் வீசுகோலால் நாணில் அடிக்கும்போதெல்லாம் அவை குலுங்கும். அந்தக் குலுங்கலும் ஃபேன்டேசியாவின் மணித் தெறிப்பும் ஒரே உயரத்தில் விழுந்தன. கேட்கிற ஆளுக்கு வில் தாளம் தப்புகிற மாதிரி இருந்தது. நிஜத்தில் புலவர் அட்சரம் பிசகாமல்தான் அடித்தார். என் பேட்தான் தன் மணியைத் தப்பான இடத்தில் குலுக்கிக்கொண்டிருந்தது. டி-550ல் ஒவ்வொரு பார்ஷியலையும் தனியாக ஊமையாக்கலாம். மணி இருந்த பார்ஷியலை அணைத்ததும் அடியில் இருந்த பேட் மட்டும் நின்றது, வில்லின் மணி துலங்கிவிட்டது. அன்றிலிருந்து எந்தப் புகழ்பெற்ற பேட்சை எடுத்தாலும் முதலில் அதன் தொடக்கத் தெறிப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்கிறேன். பாதிக்கு மேல், அடியில் இருப்பதே நமக்குப் போதும்.

குறையும் உண்டு. மொத்தம் 16 குரல்தான், அதாவது ஒரே நேரத்தில் 16 சுரம்தான் ஒலிக்கும். இரண்டு டோனையும் சேர்த்து வைத்தால் 8. இடது கையில் மூன்று, வலது கையில் மூன்று பிடித்துவிட்டு அடுத்த கார்டுக்குப் போனால், தேய்ந்து அடங்க வேண்டிய பழைய சுரங்கள் நடுவில் அறுந்துபோகும். நீளமான ரிலீஸ் (விரலை எடுத்த பிறகு தேய்ந்து அடங்கும் நேரம்) உள்ள பேடில் அது அப்பட்டமாகத் தெரியும். இந்தப் பெட்டியில் குறைவான சுரங்களைப் பிடித்துப் பழக வேண்டும். இன்னொன்று, சாம்பிள் பார்ஷியல்களுக்கு ஃபில்டர் கிடையாது, காதில் கூசுவதைக் குறைக்க வேண்டுமென்றால் வெளியே மிக்சரில்தான். முகப்பில் பொத்தான்கள் கொஞ்சம், எடிட் செய்வது பொறுமையைச் சோதிக்கும். கணினியில் ஓர் எடிட்டர் மென்பொருள் போட்டுக்கொள்வது நல்லது.

ரோலண்ட் ஜேவி-1080. 1994ல் வந்தது, 2யூ, 64 குரல், 16 பார்ட் (ஒரே நேரத்தில் வாசிக்கக்கூடிய தனித்தனி ஒலிகள்). ஒரு பேட்சில் நான்கு டோன், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபில்டர், தனி என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் விதம்). நான்கு டோனும் ஓடுகிற பேட்சில்கூட 16 சுரம் தாங்கும் என்பதால் ரிலீஸ் அறுபடும் கவலை பெரிதாக இல்லை. இதன் உள்ளே எஸ்ஆர்-ஜேவி80 வரிசை எக்ஸ்பான்ஷன் போர்டுகளை நான்குவரை செருகலாம். சபைப் பாட்டுக்கு வாசிக்கிறவர்கள் 13ஆம் எண் வோக்கல் போர்டைத் தேடலாம். பழைய அனலாக் சிந்த் பேட் வேண்டுமென்றால் 4ஆம் எண் வின்டேஜ் சிந்த் போர்டு. வாங்கும்போது, “உள்ளே போர்டு எதுவும் இருக்கா?” என்று கேளுங்கள். விற்கிறவருக்கே தெரியாமல் உள்ளே போர்டு இருப்பதுண்டு. ஸ்க்ரீனில் எக்ஸ்பான்ஷன் வங்கிகளைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒலியின் குணத்தில் டி-550 அளவுக்கு இதற்குத் தனி முகம் இல்லை. ஆனால் கலவையில் எங்கே வைத்தாலும் பொருந்தி உட்காருகிறது. மேடைக்கு அதுதான் வேண்டும். ஒரு விஷயம் மட்டும் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பேட்ச் மோடில் கேட்டு ரசித்த பேட், பல பார்ட்களைச் சேர்த்த பர்ஃபார்மன்ஸ் மோடில் போட்டதும் வேறு மாதிரி கேட்கும். இந்தப் பெட்டியில் இஎஃப்எக்ஸ் என்னும் முதன்மை எஃபெக்ட் ஒன்றே ஒன்றுதான். பர்ஃபார்மன்ஸில் எல்லாப் பார்ட்டும் அதையே பங்கு போட வேண்டும். பெட்டி பழுதாகிவிட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம், அதன் அமைப்பே அப்படி. 1997ல் வந்த ஜேவி-2080ல் மூன்று இஎஃப்எக்ஸும் எட்டு போர்டு இடமும் உண்டு, திரையும் பெரிது. அதே விலைக்குக் கிடைத்தால் 2080ஐ எடுங்கள்.

கோர்க் வேவ்ஸ்டேஷன் எஸ்ஆர். வேவ்ஸ்டேஷன் கீபோர்டு 1990ல் வந்தது. சீக்வென்ஷியல் கம்பெனியை நடத்திய டேவ் ஸ்மித்தும் அவர் குழுவும் கோர்க்கில் சேர்ந்து உருவாக்கியது. எஸ்ஆர் அதன் 1யூ வடிவம். நான்கு ஒலிகளை நான்கு மூலையில் வைத்து அவற்றுக்கு இடையே ஒலி தானாக நகர்ந்து போகும்படி செய்யலாம். அதோடு வேவ் சீக்வென்ஸ் என்று, ஒரு அலையிலிருந்து அடுத்த அலைக்குக் கலந்து கலந்து தாவும் வரிசையும் உண்டு. அசைகிற பேட் என்றால் இதற்கு மேல் ஒன்று இல்லை. ஒரு நிமிஷச் சோதனையில் முதல் மார்க் இதற்குத்தான். கையைக் கட்டையில் வைத்துவிட்டு ஒரு மாலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆனாலும் நண்பரிடமிருந்து இரவலாக வாங்கி வாசித்த பிறகு எனக்கென்று ஒன்று வாங்கவில்லை. வேவ் சீக்வென்ஸுக்கு ஒரு நடை இருக்கிறது. மிடி கிளாக்கோடு (மிடி வழியாக வரும் வேகக் கணக்கோடு) அதைப் பூட்டலாம், கிளிக் (ஒரே வேகத்தில் தட்டும் ஒலி) வைத்துப் பதிவு செய்கிற பாட்டில் அற்புதமாக இருக்கும். எங்கள் பக்கத்துப் புலவரோ நையாண்டி மேளக்காரரோ கிளிக்குக்கு வாசிக்கிறவர்கள் இல்லை. கதையின் சூடு ஏற ஏற வேகமும் ஏறும், ஏறத்தான் வேண்டும். அப்போது கீழே இன்னொரு நடை ஓடினால் இரண்டும் உரசும். நடையே தெரியாதபடி மிக மெதுவாகக் கலக்கும் பேட்ச்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதை எஸ்ஆரின் சின்னத் திரையில் செய்து முடிப்பதற்குள் கண் வலித்துவிடும். இதன் ஃபில்டரில் ரெசொனன்ஸ் இல்லை, ஆனால் அதனால் பேடுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. வீட்டு ஸ்டுடியோவில் பின்னணி இசை செய்கிறவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வேவ்ஸ்டேஷனை எடுக்கலாம். 2யூ அளவில் வந்த ஏ/டி கிடைத்தால் இன்னும் நல்லது, அதன் திரை பெரிது.

யமஹா டிஎக்ஸ்802. 1987, 2யூ, ஆறு ஆபரேட்டர் எஃப்எம் (ஓர் அலை இன்னோர் அலையை அசைத்து ஒலி உண்டாக்கும் முறை, ஒவ்வொரு அலையும் ஓர் ஆபரேட்டர்), 16 குரல். எஃப்எம் என்றால் கண்ணாடி மாதிரி எலெக்ட்ரிக் பியானோதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அசைக்கிற அலையான மாடுலேட்டரின் என்வலப்பை மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வைத்தால் சாம்பிளே இல்லாத, எங்கும் சுற்றாத பேட் வரும். எத்தனை நிமிஷம் பிடித்தாலும் லூப் கேட்காது, ஏனென்றால் லூப்பே கிடையாது. உள்ளே எஃபெக்ட் எதுவும் இல்லை. வெளியே ஒரு ரிவெர்ப் கட்டாயம் வேண்டும், அதைக் கணக்கில் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பெட்டியை நம் ஆட்களுக்குச் சிபாரிசு செய்ய எனக்கு வேறொரு காரணம் உண்டு. இதில் சுருதி ஏற்பாட்டை மாற்றலாம். கீபோர்டின் சம இடைவெளிச் சுருதியில் பஞ்சமம் ஏறக்குறைய சரியாக இருக்கும், 2 சென்ட்தான் குறையும் (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு). அந்தர காந்தாரமோ இயல்பான இடத்தைவிட 14 சென்ட் ஏறி நிற்கும். ஓடிப் போகிற ஒரு கார்டில் அதை யாரும் கவனிப்பதில்லை. அசையாமல் நிற்கிற பேடில், அதன் மேல் தம்புரா சுருதியில் ஊறிய ஒருவர் பாடும்போது, அந்த 14 சென்ட் முள்ளாகக் குத்தும். டிஎக்ஸ்802ல் தூய மேஜர் சுருதியை எடுத்து, பாடுகிறவரின் கட்டைக்கு ஆதாரத்தை வைத்தால் காந்தாரம் இறங்கி வந்து பொருந்தி நிற்கும். அதன் சின்னத் தம்பி 1யூ டிஎக்ஸ்81இசட்டிலும் இந்த வசதி உண்டு. ஆனால் அது நான்கு ஆபரேட்டர், 8 குரல்தான்.

இந்த வசதி இல்லாத பெட்டியிலும் வழி இருக்கிறது. காந்தாரத்தைப் பிடிக்காதீர்கள். ச, ப, மேல் ச. மத்திமம் முக்கியமான ராகமென்றால் ச, ம, மேல் ச. மூன்றாம் சுரத்தைப் பாடுகிறவர் பாடட்டும், அது அவருடைய இடம். சபையில் நாலு குரலில் பாடும் பாமாலைக்கு முழுக் கார்டு வேண்டும், அது வேறு கணக்கு. கீர்த்தனைக்கும் சாமி பாட்டுக்கும் இந்த இரண்டு சுரமே நிறைவாக இருக்கும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. இமு புரோட்டியஸ்/1, 1989, 1யூ. ஸ்ட்ரிங்ஸ் நன்றாக இருக்கும், ஆனால் ஃபில்டரே கிடையாது, எஃபெக்டும் கிடையாது. பேடுக்கென்று வாங்க வேண்டாம். கோர்க் எம்1ஆர் அந்தக் காலத்துக் குரல் பேடுக்கு நல்லது. 16 குரல்தான். ரோலண்ட் ஜேடி-990, 1993, பேட் செய்யப் பிறந்த பெட்டி என்றே சொல்வேன். ஆனால் அதைத் தேடுகிறவர்கள் உலகமெங்கும் இருப்பதால் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது.

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். உள்ளூரில் கிடைத்தால் அதுதான் நல்லது. பழைய மெல்லிசைக் குழுக்காரர்கள் வீட்டுப் பரணில் இன்னும் சில பெட்டிகள் தூங்குகின்றன. அடுத்து சென்னை ஸ்டுடியோக்கள். மூன்றாவது ஜப்பானிலிருந்து வருகிற பழைய சரக்கு. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், ஆனால் சுங்க வரியும் கப்பல் கூலியும் சேர்ந்தால் பெட்டியின் விலையைத் தாண்டிவிடும். முக்கியமாக, ஜப்பானில் ஓடுவது 100 வோல்ட். நம் சுவரில் 230. நேராகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது.

எனக்கு ஒரு பெட்டியை விற்றவர், “110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போதும், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க” என்று அடித்துச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 110 என்பது பத்து சதவீதம் கூடுதல். நம் லைனில் ராத்திரி வோல்டேஜ் ஏறினால் அதற்கேற்ப அதுவும் ஏறும். பெட்டி உடனே போகாது, உள்ளே சூடு ஏறி ரெகுலேட்டரும் கண்டென்சரும் ஆயுசைக் குறைத்துக்கொள்ளும். 230ஐ 100 ஆக்குகிற டிரான்ஸ்ஃபார்மர் என்று தெளிவாகச் சொல்லிச் செய்து வாங்குங்கள். இந்தப் பெட்டிகள் சீலிங் ஃபேனைவிடக் குறைவாகத்தான் கரண்ட் இழுக்கும், ஒன்றுக்கு 100 விஏ தாராளம். ஹெர்ட்ஸ் கவலை வேண்டாம். ஜப்பானின் ஒரு பாதியில் 50, மறு பாதியில் 60 ஓடுவதால் இரண்டுக்கும் பொருந்தத்தான் செய்திருப்பார்கள். எது எப்படியானாலும் பின்பக்க லேபிளில் என்ன வோல்ட் அச்சாகியிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுச் செருகுங்கள். மேடையில் ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில் பெட்டி அணைந்து எழும், பிடித்த பேட் பாட்டு நடுவில் காணாமல் போகும். ஒரு சின்ன யுபிஎஸ் அதைக் காப்பாற்றும்.

நேரில் பார்க்கும்போது வேல்யூ டயலை மெதுவாக ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பிப் பாருங்கள். என்னுடைய ஜேவி-1080ல் வலது பக்கம் திருப்பினால் எண் ஏறி, ஒன்று இறங்கி, இரண்டு தாவியது. மேல் மூடியைக் கழற்றினால் போர்டு முழுக்கச் செம்மண் தூள் மாவு மாதிரி படிந்திருந்தது. டவுனில் ஆம்ப்ளிஃபயர் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் மெல்லிய பிரஷ்ஷால் தூளைத் தட்டி, டயலுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து, கடைசிவரை இரண்டு பக்கமும் பலமுறை திருப்பச் சொன்னார். அதோடு சரியானது. திரையின் பின்வெளிச்சம் மங்கியிருந்தால் அதைக் காரணம் காட்டி விலையைக் குறையுங்கள். பேட்ச் பெயர் படிக்க முடியாத பெட்டியை மேடைக்குக் கொண்டுபோக முடியாது. மாற்றுத் திரை போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதுவும் செலவு. எல்லா அவுட்புட் ஜாக்கிலும் கேபிளைச் செருகி ஆட்டிப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ரேக்கைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18ல் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் ஏறி வந்ததைப் பார்த்த பிறகு, என் பெட்டிகள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேல்தான் இருக்கின்றன.

நான் கடைசியில் எடுத்தது, மேடைக்கும் சபைக்கும் ஜேவி-1080, பதிவுக்கு டி-550. ஒன்றுதான் முடியும் என்றால் ஜேவி. மற்றது பிறகு வரட்டும்.

வாசிக்கும் இடத்துக்கு ஏற்ப நான் வைக்கும் அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பழைய ஆலயங்கள் உயரமான கூரை கொண்டவை, கட்டடமே ரிவெர்ப் தரும். அங்கே பெட்டியின் ரிவெர்பை முழுக்க அணைத்துவிடுவேன். பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனையில் ஜெபத்துக்கு அடியில் பேட் பிடிக்கச் சொல்வார்கள். அப்போது சபை ஐயரவாள் (போதகர்) சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் கடைசி பெஞ்சுவரை தெளிவாகப் போக வேண்டும். ஃபில்டரை நன்றாக இறக்கி, மத்திய ஸ்தாயிக்குக் கீழே மூன்றே சுரம், வால்யூம் பெடலில் கால். மிக்சரில் 2, 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தைக் கொஞ்சம் குறைத்தால் பேச்சு துலங்கும்.

வில்லுப்பாட்டுப் பதிவுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது வருகிற ‘கும்’ அடியில் உட்கார்ந்திருக்கும். பேட்டின் கீழ் சுரமும் அங்கேயே உட்கார்ந்தால் குடம் செத்துவிடும், குடம் செத்தால் பாட்டே இல்லை. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேடை வெட்டிவிடுவேன். அட்டாக்கை (ஒலி எழும்பும் நேரத்தை) அரை வினாடியிலிருந்து ஒரு வினாடிக்குள் வைப்பேன், அதைவிட மெதுவாக வைத்தால் சுரம் மாறும்போது பேட் பின்தங்கி இழுக்கும். ரிலீஸ் இரண்டு வினாடி. புலவர் வசனம் பேச ஆரம்பிக்கும்போது பேட் போய்விட்டிருக்க வேண்டும்.

கடைசியாக பேட்டரி. இந்தப் பெட்டிகளின் நினைவைக் காப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 வில்லை. சிலவற்றில் அதைப் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு ஹோல்டர் வைத்துவிட்டால் அடுத்த முறை நீங்களே மாற்றலாம். கழற்றுவதற்கு முன் பல்க் டம்ப் (பெட்டியின் பேட்ச் எல்லாவற்றின் நகல்) எடுத்துவிடுங்கள். பெட்டியின் மிடி அவுட்டிலிருந்து கணினி இன்டர்ஃபேஸின் மிடி இன்னுக்குக் கேபிள் போட்டு, சிஸ்எக்ஸ் (பேட்ச் விவரங்களை மிடி வழியாக அனுப்பும் வடிவம்) மென்பொருளில் பதிவை ஓடவிட்டு, பெட்டியிலிருந்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஜேவி-1080ல் கம்பெனி பேட்ச்கள் ரோமில் இருப்பதால் யூசர் வங்கி மட்டுமே அழியும். டி-550ல் உள்ளே இருக்கும் 64 பேட்சும் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. பேட்டரி போனால் பேட்ச் பெயர்கள் கிறுக்கலாகும், ஒலி அலறும் அல்லது வரவே வராது. அதைப் பழுது என்று நினைத்து மலிவாகத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், ஸ்விட்சைப் போட்டுத் திரை எழுகிறதா, பொத்தான்களுக்கு மறுமொழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சரியென்றால், புது வில்லை போட்டு, கம்பெனி பேட்ச்களின் சிஸ்எக்ஸ் கோப்பை மிடி வழியாக உள்ளே அனுப்பிப் பார்க்கலாம். பேட்டரி மட்டுமே கோளாறாக இருந்தால் பெட்டி அப்படியே எழுந்து உட்காரும்.